வரிப்பணத்துக்கும் முதல் கை

அருப்புக்கோட்டை
16-6-2024

அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலம்தான் என்று அம்மா தினமும் போனில் சொல்கிறாள். நான் கூப்பிட்டதும் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிற சத்தமும் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. போன வருடம் நம் பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "டீச்சர்களுக்கு மாசாமாசம் சம்பளச் சீட்டு குடுங்கப்பா" என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். நீங்கள் அய்யனார் மேல் ஆணையாக, "இனி இவகிட்ட வாயத் தொறந்து பேச மாட்டேன்" என்றீர்கள். அதைக் காப்பாற்றியும் வருகிறீர்கள். நான் சொன்னது தப்பு என்று வந்து நின்றால் பேசுவீர்களாம். நான் சொன்னது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆகவே இது சமாதானக் கடிதம் இல்லை. வேலை விஷயம்.

நான் வேலை பார்க்கும் வரி ஆலோசகர் ஆபீசில் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு உதவி மையம் நடத்துகிறேன். மழலையர் பள்ளி டீச்சர்களுக்கு மட்டும். வருமான வரிக் கணக்கை இலவசமாகத் தாக்கல் செய்து தருகிறேன். அவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு வரியே கிடையாது. ஆனாலும் ஒப்பந்தச் சம்பளம் என்று சொல்லி, பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் அது முழுசாகத் திரும்பி வரும். செய்யாவிட்டால் வராது. நம் பள்ளியில் நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த காலத்தில் எனக்கே இது தெரியாது.

இன்றைக்கு நம் பள்ளியிலிருந்து முத்துலட்சுமி அக்காவும் சுவாதியும் வந்திருந்தார்கள். அக்காவின் பான் எண்ணைப் போட்டு வரி வரவைப் பார்த்தேன். சைபர். சுவாதிக்கும் சைபர். "போன வருசம் பூராம் பிடிச்சாகளே தாயி, அது எங்க போச்சு?" என்று அக்கா கேட்டார். தாளாளர் மகள் என்று பேர், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜூலை 31. பிடித்த பணத்தைக் கட்டினீர்களா, இல்லையா?

தங்கலட்சுமி


அனுப்புநர்: வீ. இருளப்பசாமி, தாளாளர், தங்கம் மழலையர் பள்ளி, எம்.ரெட்டியபட்டி.
பெறுநர்: இலவச வரி உதவி மையத்தார் அவர்கள், அருப்புக்கோட்டை.
நாள்: 20-6-2024
பார்வை: தங்கள் 16-6-2024 நாளிட்ட கடிதம்.

அம்மையீர்,

வாயைத் திறந்து பேச மாட்டேன் என்றுதான் நான் ஆணையிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இக்கடிதத்தால் ஆணைக்குப் பங்கம் ஏதுமில்லை என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிடித்த வரி முழுவதும் உரிய காலத்தில் கட்டப்பட்டுள்ளது. செலான் நகல்கள் இத்துடன் உள்ளன. மானாவாரிக் காட்டில் மழையை நம்பிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் அடுத்தவர் காசில் கை வைத்ததாக இந்தச் சுற்றுப்பட்டில் ஒருவரும் சொல்ல முடியாது. "கட்டினீர்களா, இல்லையா" என்று தாங்கள் கேட்டிருப்பது போலீஸ்காரர் கேட்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகள்கூட இதைவிட மரியாதையாகத்தான் கேட்கிறார்கள்.

டீச்சர்கள் பேரில் சைபர் காட்டுவது தங்கள் கம்ப்யூட்டரின் கோளாறாக இருக்கலாம். சரிபார்க்கவும்.

வீ. இருளப்பசாமி
தாளாளர்

பின்குறிப்பு: நெல்லிக்காய் ஊறுகாய் வேண்டுமா என்று தங்கள் தாயார் சந்தனம்மாள் கேட்கச் சொல்கிறார். எனக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.


அருப்புக்கோட்டை
23-6-2024

தாளாளர் அப்பாவுக்கு,

ஊறுகாய் வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அதையும் எழுதிக் காட்டுங்கள், உங்கள் ஆணை எங்கெங்கே செல்லும் என்று யாருக்குத் தெரியும்.

செலான்களைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். (இது செலானுக்கு மட்டும். ஆண்டு விழாவுக்கு இல்லை.)

அப்படியென்றால் அது யார் பேரில் உட்கார்ந்திருக்கிறது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இன்றைக்கு மையத்தில் கூட்டம் குறைந்த பிறகு, சரி, ஊருக்கெல்லாம் கணக்குப் போடுகிறோமே, நம் கணக்கையும் பார்த்துவைப்போம் என்று என் பான் எண்ணைப் போட்டுத் திறந்தேன். அப்பா! உங்கள் பள்ளியின் ஆறு டீச்சர்களும் என் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு பேர் சம்பளமும் நான் ஒருத்தியே வாங்கியதாக இருக்கிறது. ஆறு பேருக்குப் பிடித்த வரியும் என் பேரில் வரவாகியிருக்கிறது. உங்கள் பள்ளியை விட்டு நான் வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால், நான் ரெட்டியபட்டியில் ஆறு வகுப்பில் ஒரே நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் தறிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "ஒனக்கு இவ்வளவு சம்பளமா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சிரித்துக்கொண்டே இருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேரில் ஏன் போட்டீர்கள்?

தங்கலட்சுமி


அனுப்புநர், பெறுநர்: முன்கடிதத்தில் உள்ளபடி.
நாள்: 27-6-2024

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை சிரித்ததாக எழுதியிருந்ததையும் குறித்துக்கொண்டேன்.

திருச்சுழியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் கணக்கை ஏற்றும்போது ஒரு பான் எண் வேண்டும் என்று கேட்டார். பீரோவில் தங்கள் கார்டின் நகல் இருந்தது. கொடுத்தேன். இதில் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. எங்கள் பம்புசெட்டுக் கரண்ட் இணைப்பு இன்றுவரை காலமான என் பெரியப்பா பேரில்தான் இருக்கிறது. அதனால் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டதா? பஸ்ஸில் பத்துப் பேருக்கு ஒருவர் சீட்டு எடுத்தால் பத்துப் பேரும் ஊர் போய்ச் சேருவதில்லையா? பள்ளி ஒன்று, பணம் ஒன்று, போய்ச் சேர்ந்த அரசாங்கமும் ஒன்று. பேர் யாருடையதாக இருந்தால் என்ன?

ஊறுகாய் ஜாடியை அருப்புக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். மூடி சரியாக இல்லை. சாய்க்காமல் எடுக்கவும்.

வீ. இருளப்பசாமி
தாளாளர்


அருப்புக்கோட்டை
30-6-2024

அப்பா,

ஊறுகாய் வந்தது. கண்டக்டர் சட்டையிலும் கொஞ்சம் வந்தது.

பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அந்த வரவு யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அரசாங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். முத்துலட்சுமி அக்கா எத்தனை தடவை கணக்குத் தாக்கல் செய்தாலும் ஒரு ரூபாய் வராது. எனக்கோ, ஆறு சம்பளம் வாங்கினாயே, அதற்குக் கணக்குச் சொல் என்று கேள்வி வரும். நான் எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்கினேன் என்று கையெழுத்துப் போட நான் உங்கள் மகளாகப் பிறக்கவில்லை.

இதற்கு வழி உண்டு. பள்ளிதான் செய்ய வேண்டும். ஆறு பேரின் பான் எண்ணையும் வாங்கி, அதே கடையில் திருத்தக் கணக்கு ஏற்றச் சொல்லுங்கள். சில நாளில் அவரவர் பேருக்கு வரவு மாறிவிடும். என்னால் இங்கேயிருந்து செய்ய முடியாது. உங்கள் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், என்னிடம் சொன்னார். இந்த வரி விஷயம் சரியாகாவிட்டால் ஆடி கழிந்ததும் இங்கே டவுனில் ஒரு பள்ளிக்கு வந்துவிடுவாராம். "அவுக நல்ல மனுசன்தான் தாயி. ஆனா என் உழைப்புல பிடிச்சது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். அந்த அக்கா வாசலில் நிற்காவிட்டால் காலையில் ஒரு பிள்ளை வேனை விட்டு இறங்காது. உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி. பீரோவில் அம்மாவின் கார்டும் இருக்கிறது, உங்கள் கார்டும் இருக்கிறது. என்னோடு சண்டை போட்டு, என் குரல் கேட்டாலே எழுந்து போகிற நீங்கள், என் கார்டை ஏன் எடுத்தீர்கள்? எனக்கு ஒளித்துவைக்கத் தெரியாது. டீச்சர்கள் பணம் அவர்களுக்கு வர வேண்டும். உங்கள் பேச்சு எனக்கு வர வேண்டும். இந்த வருடம் இரண்டுக்கும்தான் அலைகிறேன்.

தங்கம்


எம்.ரெட்டியபட்டி
4-7-2024

அம்மையீர்,

அனுப்புநர், பெறுநர் எல்லாம் எழுதிக் கை வலிக்கிறது. இனி சுருக்கமாக எழுதுகிறேன்.

தாங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். மற்றவை பின்னால்.

தங்களுக்கு நான்கு வயது இருக்கும்போது, பருத்தி ஊன்றுகிற அன்றைக்குக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விதைப் பெட்டியில் கையை விட்டு அளைந்து, ஒரு பிடி அள்ளிச் சாலில் போட்டீர்கள். அந்த வருடம் விளைந்தது போல் அதற்கு முன் என் காட்டில் விளைந்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் முதல் கை தாங்கள்தான். குதிரைவாலி விதைத்தாலும் சரி, புதுக் கன்றுக்குக் கயிறு மாற்றினாலும் சரி. பள்ளி ஆரம்பித்தபோது முதல் பிள்ளையின் பேரைப் பதிவேட்டில் தாங்கள்தான் எழுதினீர்கள். போர்டிலும் தங்கள் பேரைத்தான் எழுதச் சொன்னேன். இதெல்லாம் தங்களுக்கே தெரியும்.

போன புரட்டாசியில் தாங்கள் வரவில்லை. வரச்சொல்லி நான் கூப்பிடவும் இல்லை. ஊரெல்லாம் ஊன்றி முடித்துவிட்டார்கள், என் காடு மட்டும் கிடந்தது. கடைசியில் தங்கள் கல்யாண போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, விதைப் பெட்டியில் ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போனேன். சந்தனம்மாள் பார்த்துவிட்டு, "இதுக்குப் போன் பண்ணிப் பேசித் தொலைக்கலாம்ல" என்றார்.

பள்ளியில் வரி பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்புவது போன வருடம்தான் முதல் தடவை. முதல் தடவை போகிற பணம். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டாமா? கடைக்காரர் பான் எண் கேட்டார். பீரோவைத் திறந்தேன். தங்கள் கார்டை எடுத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கோபம் கோபமாக இருக்கட்டும். கைராசி கைராசிதான்.

வீ. இருளப்பசாமி


அருப்புக்கோட்டை
7-7-2024

அப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. அழுதுவிட்டேன். அடுத்த நிமிடம் போட்டோவைப் பெட்டியில் வைத்ததை நினைத்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருக்கும் யுவராணி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சோடா வாங்கிவந்துவிட்டாள்.

ஆனாலும் என் கைராசி வருமான வரி ஆபீஸ்வரை செல்லாது அப்பா. திருத்தக் கணக்கு உடனே ஏற வேண்டும். வரவு மாற நாள் பிடிக்கும். மாறாமல் நாங்கள் தாக்கல் செய்ய முடியாது. மாதம் முடிய அதிக நாள் இல்லை.

நம் மாடு கன்று போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். கன்றுக்கு என்ன பேர் வைத்தீர்கள்?

தங்கம்


எம்.ரெட்டியபட்டி
22-7-2024

தங்கலட்சுமி அவர்களுக்கு,

திருத்தக் கணக்கு 11-ஆம் தேதியே ஏற்றியாயிற்று. ஆறு பேரிடமும் கார்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சுவாதியின் கார்டு அவள் மாமியாரின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. எண்ணில் பாதி சுண்ணாம்பு. தங்கமாரி டீச்சர் கார்டு எங்கே என்று ஒரு நாள் பூராவும் தேடி, கடைசியில் அரிசிப் பானையிலிருந்து எடுத்தார். முத்துலட்சுமி மட்டும் முந்தானையில் முடிந்து தயாராக வைத்திருந்தது. நான் கேட்டதும், "இத மொதல்லயே கேட்டிருக்கலாமே ஐயா" என்றது.

கடைக்காரர் இன்று பார்த்துவிட்டு, வரவு அவரவர் பேருக்கு மாறிவிட்டது என்றார். தாங்களும் தங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கவும்.

இந்த மாதத்திலிருந்து டீச்சர்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கப்படும். சம்பளம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, அது யார் பேரில் கட்டப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். இது ஆண்டு விழாப் பேச்சின் விளைவு என்று எவரும் எண்ண வேண்டாம். கடைக்காரர் சொன்ன யோசனை.

வருகிற ஞாயிறு ஆறு பேரையும் பள்ளி வேனில் அழைத்து வருகிறேன். வேன் டிரைவர் ஆண்டிச்சாமிக்கு அன்று மச்சினன் வீட்டுக் காதுகுத்து. ஆகவே நானே ஓட்டிவருகிறேன். வருவது டீச்சர்களுக்காக. ஆணை அப்படியேதான் இருக்கிறது.

கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. முதலில் கூப்பிட வேண்டியவர் வரவில்லை.

வீ. இருளப்பசாமி


அருப்புக்கோட்டை
29-7-2024

அப்பா,

நேற்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். இருந்தாலும் எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

வேனிலிருந்து ஆறு பேரும் இறங்கினார்கள். நீங்கள் வாசலிலேயே நின்று மேலே எங்கள் பேனரை எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரி படித்துக்கொண்டிருந்தீர்கள். முத்துலட்சுமி அக்கா கணக்கை முதலில் போட்டேன். வரவு ஏறியிருந்தது. திரையில் தன் பேரையும் அதற்கு நேரே இருந்த தொகையையும் பார்த்துவிட்டு, "நம்ம உழைப்பு எங்கேயும் போகல தாயி" என்றார். தாக்கல் முடிந்ததும் உங்களிடம் வந்து, "ஆடி முடிஞ்சும் நாந்தான் வேன் வாசல்ல நிப்பேன். வேற ஆளு தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

ஆறு பேரும் முடித்த பிறகு வரிசையில் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். டீச்சர்களுக்கு மட்டும்தான் இலவசம் என்று சொன்னேன். நீங்கள் வாய் திறக்கவில்லை. சுவாதிதான் எட்டிப் பார்த்து, "எங் கல்யாணத்துக்கு நான் லீவு போட்டப்ப, எல்.கே.ஜி.ய அவுகதான பாத்துக்கிட்டாக! காக்கா கதை சொல்லி, காக்காவாவே கத்திக் காமிச்சாக. புள்ளைக இன்னும் அதத்தான் கேக்குது" என்றாள். மையமே சிரித்தது. மழலையர் பள்ளி ஆசிரியர் வீ. இருளப்பசாமி என்று எழுதிக்கொண்டேன்.

பேர் கேட்டேன், கார்டை நீட்டினீர்கள். பாங்குக் கணக்கு கேட்டேன், பாஸ்புக்கை நீட்டினீர்கள். நான் கேட்பதும் நீங்கள் நீட்டுவதுமாக எல்லாம் முடிந்து, கடைசியில் உங்கள் போனுக்கு ஓடிபி போனது. "சொல்லுங்க" என்றேன். நீங்கள் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் மேஜையில் கிடந்த நோட்டீசின் பின்பக்கத்தில், உங்கள் முத்து முத்தான கையெழுத்தில், ஒவ்வொரு எண்ணாக எழுத ஆரம்பித்தீர்கள். எழுதி முடித்து நீட்டுவதற்குள் நேரம் கடந்துபோனது. மறுபடி அனுப்பினேன். மறுபடி எழுதினீர்கள். மறுபடி கடந்தது. பின்னால் வேறு ஊர் டீச்சர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். யுவராணி, "பெரியவருக்குப் பேச வராதாக்கா?" என்று என் காதில் கேட்டாள்.

மூன்றாவது தடவை ஓடிபி வந்தது. நீங்கள் பேனாவைத் திறந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பேனாவை மூடினீர்கள்.

"ஏழு," என்றீர்கள். "மூணு."

நான் அடிக்க மறந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெரசா அடி தாயி, இதுவும் போயிறப் போகுது!" என்று கத்தினீர்கள்.

ஓடிபியில் இல்லாத அந்த வார்த்தைகளுக்காகத்தான் அப்பா நான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கணக்கு நல்லபடியாகத் தாக்கலாகிவிட்டது. ஆணை என்ன ஆயிற்று?

தங்கம்


எம்.ரெட்டியபட்டி
18-8-2024

தாயி தங்கம்,

தினமும் போனில் பேசிக்கொண்டு, இன்னும் எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்கிறாள். உன் 29-ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் கோப்பை மூடுவது முறையல்ல என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

முத்துலட்சுமிக்குப் பணம் வந்துவிட்டது. காலையில் வேன் வாசலில் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எல்லாம் போட்டோ என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக வருகிறது. எனக்கும் என்னவோ கொஞ்சம் வரும் என்கிறார் கடைக்காரர்.

போன வாரம் நீ வந்து பேர் வைத்துவிட்டுப் போன கன்று, இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. புரட்டாசியில் பருத்தி ஊன்றுகிறோம். போட்டோவைச் சுவரிலேயே விட்டுவிடுகிறேன், நீ நேரில் வந்துவிடு. மாப்பிள்ளையையும் அழைத்து வா. அவர் சிரிக்கட்டும், பரவாயில்லை.

ஆணை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேறொன்று என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பாங்கில் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறார்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று. போனிலும் அதைத்தான் எழுதி அனுப்புகிறார்கள். இத்தனை வருடத்தில் உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டோமே, தப்பாகிவிட்டதோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தப்பில்லை. யாரிடமும் என்றுதானே சொல்கிறார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

அப்பா